குறை எழுதி ஒட்டியவர்

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள தெருவில் அந்தக் கடை இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போய்த் திரும்பியவர்கள் தாங்கள் கொண்டுவந்த சாமான்களில் வேண்டாததை அங்கே கொடுத்துவிட்டுப் போவார்கள். டேப்ரிக்கார்டர், இஸ்திரிப் பெட்டி, சுவர்க் கடிகாரம், பெயர் தெரியாத இன்னும் என்னென்னவோ. ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். மற்ற கடைகளில் அந்த இடத்தில் விலை இருக்கும். இங்கே குறை இருக்கும். 'வலது பக்கம் பாடாது.' 'நாளைக்கு நாலு நிமிஷம் பிந்தும்.' 'கைப்பிடி சுடும், துணி வைத்துப் பிடிக்கவும்.' எல்லாம் கடைக்கார அக்காவின் குண்டு குண்டான கையெழுத்து.

அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் தன்னைப் பற்றி யாரும் பேசுவது அவருக்குப் பிடிக்காது. அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். நான் பார்த்த காலத்தில் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, காதில் ஒன்றும் இருக்காது, மூக்குக் கண்ணாடியின் ஒரு காலைக் கருப்பு நூலால் கட்டியிருப்பார். யாராவது ஒரு சாமானைக் கையில் எடுத்தால் கல்லாவின் தடுப்புப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்து, அதைத் திருப்பி அடிப்பக்கம் காட்டுவார். வாங்க வந்தவர் காகிதத்தைப் படிக்காமல் விட்டுவிடக் கூடாதே என்று வாயாலும் ஒருமுறை சொல்வார்.

பக்கத்துப் பேப்பர் ஸ்டோர் அண்ணாச்சி இதைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். "இப்படி எழுதி ஒட்டினா எவன் வாங்குவான்?" என்று என் எதிரிலேயே ஒருநாள் கேட்டார்.

"வாங்குதாங்களே அண்ணாச்சி."

"நல்லத நாலு சொல்லி வித்தா இன்னும் வாங்குவாம்லா?"

"நல்லது சொல்லி வித்தா அத நம்பிட்டு எடுத்துட்டுப் போவாங்க. அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு வாசல்ல வந்து நிப்பாங்க. அந்த முகத்த என்னால பாக்க முடியாது."

நான் அந்தக் கடைக்குப் போனது ஒரு ரொட்டி மெஷினைத் தேடி. அப்போது நான் நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இருந்தேன். பெருமாள்புரத்தில் வாடகை வீடு. குழந்தைகள் இல்லை. என் மனைவிக்கு முப்பத்தாறு வயதில் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். டாக்டர் உப்பை அறவே நிறுத்தச் சொல்லிவிட்டார். தண்ணீரும் அளந்துதான். உப்பில்லாத சோற்றை அவள் வாயில் வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் உட்கார்ந்திருப்பாள். உப்பில்லாத இட்லியை ஒரு விள்ளல் தின்றுவிட்டு மூடி வைத்துவிடுவாள். இனிப்பானதென்றால் உப்பு இல்லாதது தெரியாது. ரொட்டியில் நெய்யும் சீனியும் தடவித் தரலாம் என்று நினைத்தால், கடை ரொட்டியிலும் உப்பு இருக்கிறது என்று டாக்டர் தடுத்துவிட்டார். எனக்குத் தெரிந்த பேக்கரிக்காரரிடம் ஒன்றே ஒன்று உப்பில்லாமல் போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். "மாவு மொத்தமா ஒரே தொட்டியில பிசையுதோம் சார், ஒண்ணுக்கு மட்டும் எப்படிப் பிரிக்க?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். மெஷின் ஒன்று இருக்கிறது, மாவைக் கொட்டினால் அதுவே பிசைந்து அதுவே சுட்டுத் தரும், துபாயில் பார்த்திருக்கிறேன் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அவர்தான் அக்கா கடையையும் சொன்னார்.

கடையில் இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்று துபாயிலிருந்து வந்தது. பெரியது, பளபளப்பானது, முன்பக்கம் சின்னக் கண்ணாடியில் எண்கள் ஓடும், பன்னிரண்டு பொத்தான்கள். இன்னொன்று வெள்ளை நிறத்தில் மூடி போட்ட வாளி மாதிரி இருந்தது. மூன்றே பொத்தான்கள். அதில் எழுதியிருந்தது ஜப்பான் எழுத்து. நான் பெரியதைத்தான் தொட்டேன்.

"யாரு செய்யப் போறா?" என்றார் அக்கா.

"நான்தான்."

"அடுப்புப் பக்கம் போன பழக்கம் உண்டா?"

"டீ போடுவேன்."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப ரெண்டையும் பத்திச் சொல்லிருதேன். இந்தப் பெரிசுல பன்னெண்டு விதமா செய்யலாம். பொத்தான மாத்தி அமுக்கிட்டா பாதியில நிறுத்தவும் முடியாது, திருப்பவும் முடியாது. எனக்கே நாலு தடவ அப்படி ஆச்சு. வெள்ளைல ஒரே விதம்தான். ரொட்டி சின்னதா வரும். பிசையுற தகடு ரொட்டிக்குள்ளயே மாட்டிக்கிட்டு வரும், நோண்டி எடுக்கணும், அடியில ஒரு ஓட்டை விழும். நம்ம கரண்டுக்கு அது சேராது, கூடவே ஒரு ட்ரான்ஸ்பார்மர் பெட்டி தூக்கணும். அது அம்மிக்கல்லு கனம். ரெண்டுக்குமே ஒரு குறை பொது. நாலு மணி நேரம் ஓடணும். நடுவுல கரண்ட் போச்சுன்னா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும். மாவு புளிச்சுப் போகும்."

இவ்வளவையும் கேட்டபிறகு எதை வாங்குவது என்று எனக்கு விளங்கவில்லை.

"இன்னைக்கு வாங்காதீங்க. உங்க தெருவுல எந்த நேரம் கரண்ட் போகுதுன்னு ஒரு வாரம் எழுதிட்டு வாங்க" என்றார்.

நான் வரைவாளன் அல்லவா. கட்டம் போட்ட தாளில் ஏழு நாளையும் மணிவாரியாக வரைந்து, கரண்ட் போன இடங்களைப் பென்சிலால் நிரப்பிக் கொண்டுபோனேன். அக்கா அதைக் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விடிகாலை நாலரையிலிருந்து எட்டரை வரை ஒரு நாளும் பென்சில் படவில்லை. "அப்ப வெள்ளைய எடுத்துக்கிடுங்க. காலைல எந்திரிச்சதும் போட்டிருங்க. ஆபீசு போறதுக்குள்ள ஆயிரும். ஆனா ஒரு தடவ இங்கன செஞ்சு பாத்துட்டுத்தான் கொண்டுபோகணும்."

அடுத்த சனிக்கிழமை மைதாவும் ஈஸ்ட்டும் பாலும் எடுத்துக்கொண்டு போனேன். அக்கா ஒன்றையும் தொடவில்லை. நானே அளந்து கொட்டி, நானே பொத்தானை அமுக்க வேண்டும் என்றார். ஜப்பான் எழுத்துக்கு மேல் 'தொடங்க', 'நிறுத்த', 'கருக்க' என்று காகிதம் ஒட்டி வைத்திருந்தார். மூன்றாவதை அமுக்கினால் மேல்தோல் கூடுதலாகச் சிவக்கும், அது எனக்கு வேண்டாம் என்றார். மெஷின் ஓடத் தொடங்கியது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து நாலு மணி நேரம் காத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் பேப்பர் ஸ்டோர் அண்ணாச்சி என்னைத் தன் கடைப்பக்கம் கூப்பிட்டு மெதுவான குரலில் அதைச் சொன்னார். அக்காவின் கணவர் தூத்துக்குடியில் கப்பல் வேலை பார்த்தவர், சின்ன வயதிலேயே போய்விட்டார். ஒரே மகன். அவனுக்குப் பெண் பார்க்கப் போன முதல் வீட்டில், காப்பி குடித்து முடித்த கையோடு, "பையனுக்குச் சின்னதுல வலிப்பு வந்துச்சு. இப்ப வர்றதில்ல. ஆனா மாத்திரை சாப்பிடுதான்" என்று அக்கா சொல்லிவிட்டார். சம்பந்தம் நின்றுபோனது. இரண்டாவது வீட்டிலும் சொன்னார். அதுவும் நின்றது. மூன்றாவது வீட்டில் பெரியவர்கள் எழுந்தபோது அந்தப் பெண்ணே முன்னால் வந்து, மறைக்காமல் சொன்ன வீட்டுக்குப் போகிறேன் என்றாளாம். கல்யாணம் நடந்தது.

"நல்லதுதான நடந்திருக்கு" என்றேன்.

"எங்க? மகன் பேசுறதில்ல வே. ஊரு பூரா எங்கம்மா என் மானத்த வாங்கிட்டான்னு சொல்லிட்டு தூத்துக்குடிக்குப் போயிட்டான். மருமக மட்டும் மாசம் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போகும். அவன் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூட வருவான். அங்கனயே நின்னுருவான்."

திரும்பிப் பார்த்தேன். அக்கா குனிந்து மெஷினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாய் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்று எனக்கு அன்று தோன்றியது உண்மை.

மூடியைத் திறந்தபோது ரொட்டி நடுவில் குழிந்து கிடந்தது. பொங்கி மூடியை இடித்துவிட்டு அமுங்கியிருந்தது. நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"உப்புப் போட்டீங்களா?"

"உப்பு போடக் கூடாது. வீட்ல அவளுக்குக் கிட்னி சரியில்ல. அதுக்குத்தான் இந்த மெஷினே."

அப்போதுதான் அவருக்கு விஷயமே தெரியும். என்னிடம் அதுவரை யார் சாப்பிட என்று அவர் கேட்டிருக்கவில்லை. "உப்பு இல்லன்னா ஈஸ்ட்டு கட்டுக்கு நிக்காது சார். பாதியாக் குறைங்க" என்றார். பிறகு நேராக என் முகத்தைப் பார்த்து, "வீட்ல அவங்களுக்கு எப்படி இருக்கு? டாக்டரு என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

எல்லோரும் இதைக் கேட்பார்கள். சரியாயிரும் என்று நான் சொல்வேன், அவர்களும் சரியாயிரும் என்பார்கள். அன்று எனக்கு அது வாயில் வரவில்லை. இருதயமும் பலவீனமாகிவிட்டது, வேறு சிறுநீரகம் வைக்க உடம்பு தாங்காது, ஒரு வருஷம் இருந்தால் பெரிது என்று டாக்டர் என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னதைச் சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை. என் அண்ணனிடம்கூட இல்லை.

"அவளுக்குத் தெரியாது. எங்கயும் பேச்சு வந்தாக்கூட சொல்லிராதீங்க" என்றேன்.

அக்கா சரி என்று தலையை ஆட்டினார். குழிந்த ரொட்டியைக் கத்தியால் இரண்டாக அறுத்து ஒரு பாதியை எனக்குக் கொடுத்து, மறுபாதியைத் தானே தின்றார். "சப்புன்னு இருக்கு. ஆனா வெந்திருக்கு" என்றார்.

மெஷின் வீட்டுக்கு வந்தது. இரண்டாவது ரொட்டி கல்லு. மூன்றாவது பரவாயில்லை. நாலரை மணிக்கு எழுந்து மாவை அளந்து கொட்டுவதும், ஏழு மணிக்குமேல் வீட்டுக்குள் அந்த வாசனை பரவுவதும் எனக்குப் பழகிவிட்டன. என் மனைவி நெய்யும் சீனியும் தடவி இரண்டு துண்டு தின்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் ஒரு தட்டைக் காலி செய்ததை நான் பார்த்தேன். அன்று அலுவலகத்தில் எனக்குக் கோடு நேராக விழவில்லை.

வாரம் ஒரு துண்டைக் காகிதத்தில் பொதிந்து அக்காவிடம் கொண்டுபோவேன். "நடுவுல ஈரம் நிக்கி." "இன்னைக்குப் பால் கூடிப் போச்சு." "தோல் தடிப்பா இருக்கு, அவங்களுக்கு மெல்லச் சிரமமா இருக்கும், அறுத்து எடுத்துட்டுக் குடுங்க." அவர் சொன்னதை வீட்டில் வந்து சொல்வேன். ஒருநாள் என் மனைவி, "வாரவங்க எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லுதாங்க. கல்லு மாதிரி இருந்த அன்னைக்கும் உங்க அண்ணன் நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க. அந்த அக்காவ ஒருநாள் கூட்டிட்டு வாங்க. எனக்குப் பாக்கணும்" என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அக்கா வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றார். "இன்னைக்கு ஒரு குறையும் இல்ல" என்றார். என் மனைவி சிரித்தாள். பிறகு, "அக்காவுக்குக் காப்பி போடப் பால் இல்ல, வாங்கிட்டு வாங்க" என்று என்னை அனுப்பினாள். பால் கடை பக்கத்தில்தான். ஆனால் கூட்டம். நான் திரும்பி வந்தபோது அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். என் மனைவியின் கண் சிவந்திருந்தது. முகம் மட்டும் என்னவோ தெளிந்திருந்தது.

அன்று சாயங்காலமே அவள் கேட்டாள். "வள்ளியூருக்கு ஒரு கடுதாசி போடுங்க. அக்காவ வரச் சொல்லுங்க." வள்ளியூரில் இருந்தது அவளுடைய சொந்த அக்கா. கல்லிடைக்குறிச்சி வீட்டைப் பிரித்த விஷயத்தில் இருவரும் ஆறு வருஷமாகப் பேசவில்லை. மறுநாள் பீரோவைத் திறந்து சேலைகளைக் கட்டிலில் பரப்பி, எது யாருக்கு என்று பிரித்து வைத்தாள். "எதுக்கு இப்ப?" என்றேன். "சும்மா கிடக்குல்லா, அதான்" என்றாள்.

கடைக்கார அக்கா அவளிடம் சொல்லிவிட்டார் என்று எனக்கு விளங்கிவிட்டது. நேராகக் கடைக்குப் போனேன். அண்ணாச்சி கேட்க, தெருவில் போகிறவர்கள் கேட்கப் பேசினேன். இஸ்திரிப் பெட்டியும் மனுஷ உயிரும் உங்களுக்கு ஒன்றுதானா, உங்கள் வீட்டைக் கெடுத்தது போதாதா, என் வீட்டுக்கும் வந்து காகிதம் ஒட்டிவிட்டீர்களே என்றேன். மகன் பேச்சையும் இழுத்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

அக்கா எழுந்து நின்றபடி முழுவதையும் கேட்டார். நான் மூச்சு வாங்கி நிறுத்தியபோது, "வீட்ல ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க சார்" என்றார். அவ்வளவுதான். அதை நான் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். அந்தத் தெருப் பக்கமே போவதை விட்டேன்.

வீட்டில் நாங்கள் உட்கார்ந்து பேசவில்லை. அவளாகப் பேச்செடுக்கட்டும் என்று நான் இருந்தேன். அவள் எடுக்கவில்லை. நான் வழக்கம்போல டயாலிசிஸ் முடிந்து வரும்போது, இந்த வாரம் டாக்டர் நல்லபடியாகச் சொன்னார் என்பேன். அவளும் ஆமா என்பாள்.

அவளுடைய அக்கா வள்ளியூரிலிருந்து வந்தாள். வாசலில் நின்று இருவரும் அழுதார்கள், அதற்குப் பிறகு ஆறு வருஷத்துப் பேச்சையும் சேர்த்துப் பேசினார்கள். ஒருமுறை பத்து நாள் வள்ளியூரில் போய் இருக்க வேண்டும் என்று என் மனைவி ஆசைப்பட்டாள். நடுவில் டயாலிசிஸுக்கு வாடகைக் காரில் கூட்டிவந்து திரும்பக் கொண்டுவிட்டோம். போகிற நாளில் பஸ்ஸில் என் மடியில் மெஷின், காலடியில் அந்த ட்ரான்ஸ்பார்மர் பெட்டி. கண்டக்டர் அது என்ன என்று கேட்டதற்கு, "எங்க வீட்டு ரொட்டிக்காரரு இவங்கதான்" என்று அவள் என்னைக் காட்டிச் சொன்னாள்.

வள்ளியூரிலிருந்து வந்த பிறகு மெஷினின் பெல்ட் அறுந்துவிட்டது. நான் கடைக்கார அக்காவிடம் போகவில்லை. ஒரு வாரம் கையால் பிசைந்து, பக்கத்து வீட்டு வட்ட ஓவனில் வைத்துச் சுட்டேன். எப்படித் தெரிந்ததோ, பேப்பர் ஸ்டோர் அண்ணாச்சி ஒருநாள் சைக்கிளில் வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினார். உள்ளே ஒரு கருப்பு பெல்ட். அதில் சுற்றிய காகிதத்தில், 'இது கொஞ்சம் இறுக்கம். சத்தம் வரும்' என்று எழுதியிருந்தது. மாட்டினேன். சத்தம் வந்தது. ஓடியது. நன்றி சொல்லக்கூட நான் ஆள் அனுப்பவில்லை.

கடைக்கார அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துபோன ஏழு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டயாலிசிஸுக்குக் கிளம்பும் நேரத்தில் என் மனைவி போய்விட்டாள். தலை சீவிவிட்டுக்கொண்டிருந்த அவளுடைய அக்காவின் தோளில் சாய்ந்தவள் அப்படியே அடங்கிவிட்டாள்.

ஐந்தாம் நாள் துட்டி கேட்கக் கடைக்கார அக்கா வந்தார். பெண்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, நான் இருந்த முன் அறைக்கு வந்து எதிரே தரையில் உட்கார்ந்தார். ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அவரைப் பார்த்ததும் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. கேட்க வேண்டியது மட்டும் இருந்தது.

"அக்கா, அன்னைக்கு அவகிட்ட நீங்க என்னதான் சொன்னீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லல சார். அவங்கதான் சொன்னாங்க."

"என்ன சொன்னா?"

"'எனக்கு இனிமே சரியாகாதுக்கா, ஆஸ்பத்திரியில பேசிக்கிட்டது என் காதுல விழுந்துச்சு, அவங்களுக்கு இது தெரியாது'ன்னாங்க. 'தெரிஞ்சா காலைல எந்திரிச்சு மாவு அளக்கதையும் விட்டுட்டு உக்காந்துருவாங்க. எங்கயும் பேச்சு வந்தாக்கூட சொல்லிராதீங்க'ன்னு கையப் பிடிச்சிட்டாங்க."

நானும் அதே வார்த்தையைச் சொல்லித்தான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கொடுத்த வாக்கையும் அவளுக்குக் கொடுத்த வாக்கையும் வைத்துக்கொண்டு இந்தப் பெண் ஏழு மாதம் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"நான் கடைக்கு வந்து அம்புட்டுப் பேசினேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்லா?"

"அப்ப அவங்க இருந்தாங்களே சார்."

மனைவி போன அன்று வராத அழுகை அப்போது வந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், போதும் என்றும் சொல்லாமல், அது அடங்கும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். துட்டி வீட்டில் யாரும் போய்ட்டு வாரேன் என்று சொல்வதில்லை. அவரும் சொல்லாமல் படியிறங்கினார். வீட்டுக்காரரும் வழியனுப்ப வெளியே வரக் கூடாது என்பார்கள். உள்ளேயிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் அவர் கூடவே நடந்தேன்.